நான் அளந்த முள்ளங்கிகள்

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், மல்காஜ்கிரியில் என் வீட்டுப் பின்பக்கம், ஐந்து ஆண்கள் ஒரு ஸ்டூலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். ஸ்டூலின் மேல் ஒரு முள்ளங்கிச் செடி கிடந்தது. ஒன்றரை அடிக்கு இலை. கீழே கிழங்கு இருக்க வேண்டிய இடத்தில் சணல் கயிற்றுத் துண்டு போல ஏதோ ஒன்று.

ஒருவர் கையில் சார்ட் பேப்பர். இன்னொருவர் கையில் ஸ்கெட்ச் பேனா. என் கையில் வெர்னியர் காலிப்பர் - ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்துச் சொல்லும் கருவி. நான் அந்தச் சணல் கயிற்றைப் பல இடங்களில் அளந்து, ஒவ்வோர் அளவையும் உரக்கச் சொன்னேன். ஒருவர் எழுதிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இரண்டு பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கத்தானே செய்வார்கள்?

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்... ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை. புரொடக்‌ஷன்காரர்கள் செய்து அனுப்புகிற உதிரி பாகங்களை அளந்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, கோளாறு என்றால் சிவப்புச் சீட்டு, சந்தேகமாக இருந்தால் மஞ்சள் சீட்டு கட்டுகிற உத்தியோகம். மஞ்சளுக்கு 'ஹோல்ட்' என்று பெயர். பதினாலு வருஷ சர்வீஸ். இதுவரை நான் எதையும் செய்ததில்லை. மற்றவர்கள் செய்ததை அளந்திருக்கிறேன்.

சரி, முள்ளங்கிக்கு வருகிறேன்.

எங்கள் சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை உண்டு. அவரவர் வீட்டில் விளைந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்ப மரத்தடியில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், முருங்கைக்காய், சீத்தாப்பழம், ஒரு வருஷம் கோழிகூட வந்தது.

யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்று இரண்டு மாதம் முன்னதாகவே ஒரு நோட்டு சுற்றுக்கு வரும். இல்லையென்றால் எல்லோரும் பூசணிக்காயோடு வந்துவிடுவார்கள். நோட்டை வைத்திருப்பவர் கிரேஸ் டீச்சர். மூன்று தலைமுறையாக செகந்திராபாத். வீட்டைச் சுற்றிப் பெரிய காம்பவுண்ட், உள்ளே ஆறு கொய்யா மரம். அந்த நோட்டில் டீச்சர் மூன்று கட்டம் போட்டிருப்பார். முதல் கட்டத்தில் குடும்பம். இரண்டாவதில் பொருள். மூன்றாவது கட்டத்தின் தலைப்பு, 'சொந்தத் தோட்டமா, கடையா?'

டீச்சருக்கு உள்நோக்கம் எதுவும் கிடையாது. கணக்கு டீச்சராக இருந்தவர், கட்டம் போட்டால்தான் அவருக்கு மனது நிற்கும். ஆனால் அந்த மூன்றாவது கட்டத்தில் என் மனைவி ஜெயசீலி ஒன்பது வருஷமாக 'கடை' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

வேறு என்ன எழுதுவாள்? கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து மாடி போர்ஷன்களிலேயே குடியிருந்தோம். ஒரு வீட்டில் துளசித் தொட்டி வைக்கக்கூட ஹவுஸ் ஓனர் விடவில்லை, தளம் ஒழுகுமாம். ஆகவே ஒன்பது வருஷமும், 'அரிசி - கடை'. ஒவ்வொரு வருஷமும் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று அவள் அதிகம் பேச மாட்டாள். அதை நான் கவனித்திருக்கிறேன். மஞ்சள் சீட்டு கட்டி வைத்திருந்தேன் என்று சொல்லலாம்.

போன கோடையில் இந்த வீட்டுக்கு மாறினோம். தரைத்தளம். பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கும் கக்கூசுக்கும் நடுவில் நாலடிக்கு மூன்றடி வெறும் மண். இந்த வருஷம் நோட்டு வந்தபோது ஜெயசீலி பேனாவை வாங்கி, அழுத்தமாக எழுதினாள். 'முள்ளங்கி - சொந்தத் தோட்டம்.'

கிரேஸ் டீச்சர் அதைப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் உரக்க வாசித்தாராம். எல்லோரும் கை தட்டினார்களாம். அன்றைக்கு மண்ணில் விதைகூடப் போட்டிருக்கவில்லை.

"இத்தன வருசத்துக்கு நம்ம வீட்டுல வெளஞ்சதுன்னு ஒண்ணு போகட்டும். ஒண்ணே ஒண்ணு போதும்" என்றாள் என்னிடம்.

முள்ளங்கியைத் தேர்ந்தெடுத்ததற்கும் அவளிடம் காரணம் இருந்தது. பண்டிகைக்கு ஒன்பது வாரம். கத்தரி, வெண்டையெல்லாம் அதற்குள் நம்பிக்கையாகக் கைக்கு வராது. முள்ளங்கி ஆறேழு வாரத்தில் வந்துவிடும். விதைக் கடைக்காரரிடம் விசாரித்துவிட்டு வந்திருந்தாள். மல்காஜ்கிரி மண்ணில் பாதி மண், பாதி கல். நான்கு நாள் உட்கார்ந்து ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறி, கல்லைப் பொறுக்கி எடுத்து, எரு கலந்து, சாம்பல் தூவி, பத்து வரிசை போட்டாள். ஐந்தாம் நாள் அத்தனையும் முளைத்தது. விதை கொஞ்சம் நெருக்கமாக விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

அதுவரை எல்லாம் சரியாகவே போயிற்று. பிறகு நான் வந்தேன்.

பத்தாவது நாள் காலையில் அவள் குனிந்து நாற்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றை விட்டு ஒன்று. பதறிப்போனேன். நெருக்கமாக இருக்கிறது, கலைத்து விட வேண்டும் என்றாள். நான் அவள் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தேன். பச்சைப் பசேலென்று, ஒரு பழுது இல்லாத நாற்று.

"இதில் என்ன கோளாறு?" என்று கேட்டேன்.

கோளாறு எதுவும் இல்லை, இடம்தான் இல்லை என்றாள்.

பதினாலு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவனிடம் சொல்கிற பதிலா இது? குறை இருந்தால் ரிஜெக்ட் பண்ணலாம். குறையே இல்லாத பீஸை எந்த விதியின்படி ரிஜெக்ட் பண்ணுவது? புரொடக்‌ஷன்காரர்கள் சும்மா விடுவார்களா? நான் அரைமணி நேரம் விளக்கினேன். கடைசியில் அவள் தூசியைத் தட்டிவிட்டு எழுந்து உள்ளே போனாள். விளக்கம் புரிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ரசம் கொதித்துக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது.

ஆக, நூற்று நாற்பது செடிகள். அதில் பாதிக்குக்கூட இடம் இல்லாத மண்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் விதைத்துப் பன்னிரண்டு நாளாகியும் உள்ளே கிழங்கு வைக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. தெரியாமல் எப்படி இருப்பது? ஃபாக்டரியில் பெட்டிக்குள் இருக்கிற பொருளையும் திறந்து பார்க்கிறோம். மண்ணுக்குள் இருக்கிறதை மட்டும் ஏன் விட வேண்டும்?

எனவே தினமும் காலையில், கம்பெனி பஸ் வருவதற்கு முன், ஐந்து செடி. மெதுவாக, வேர் அறாமல் எடுப்பேன். தண்ணீரில் அலசுவேன். என் சொந்த வெர்னியரால் அளப்பேன். ஒரு நோட்டில் வரிசை எண், செடி எண், தேதி, வேரின் பருமன், ரிமார்க்ஸ். பிறகு...

இங்கேதான் கவனிக்க வேண்டும். நான் அந்தச் செடிகளை எறியவில்லை. அளந்து முடித்து, அதே குழியில், அதே மாதிரி, திரும்ப நட்டுவிடுவேன். மண்ணை அழுத்திவிட்டுத் தண்ணீர் தெளிப்பேன். அளந்த பொருளைச் சேதமில்லாமல் எடுத்த லாட்டில், அதாவது அதே குவியலில், திருப்பி வைப்பது எங்கள் தொழில் தர்மம். பக்கத்தில் ஒரு ஐஸ்கிரீம் குச்சி, அதில் மஞ்சள் பெயின்ட். ஹோல்ட்.

நான்காவது வாரம் முடியும்போது பாத்தி முழுக்க மஞ்சள் குச்சிகள். இலைகள் தளதளவென்று வளர்ந்தன. ஆபீசில் நர்சிங் ராவ் ஒரு கைப்பிடி யூரியா போடச் சொன்னார், போட்டேன். இலை இன்னும் பெரிதாயிற்று. ஜெயசீலி மேல் இலையைக் கிள்ளிப் பொரியல் செய்தாள், நன்றாக இருந்தது. என் நோட்டில் மட்டும், 'பருமன்' என்ற கட்டத்தில் எண்கள் நகரவே இல்லை. மூன்று மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர். இரண்டே முக்கால்.

"என்னங்க, ஒண்ணுலயும் கெழங்கே வைக்கலியே" என்று அவள் கேட்டபோது, டேட்டா சேர்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஃபாக்டரியில் குவாலிட்டி சர்க்கிள் என்று ஒன்று வந்திருந்தது. ஜப்பான்காரர்கள் வழி என்றார்கள். ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஐந்தாறு பேர் வாரம் ஒருமுறை கூடி, தங்கள் வேலையில் உள்ள ஒரு பிரச்சினையை எடுத்து, தாங்களே தீர்க்க வேண்டும். நல்ல ஏற்பாடு. எங்கள் செக்‌ஷனில் மட்டும் ஒரு சிக்கல்... எங்களிடம் பிரச்சினையே கிடையாது. எல்லாப் பிரச்சினையும் புரொடக்‌ஷனில்தான் இருந்தது. மூன்று மாதமாகக் கூடி பிஸ்கட் சாப்பிட்டுக் கலைந்துகொண்டிருந்தோம்.

சர்க்கிளுக்குத் தலைவர் நர்சிங் ராவ். நான் செயலாளர். என் முள்ளங்கிக் கதையைக் கேட்டதும் ராவ் முகம் மலர்ந்தது. இதையே எடுத்துக்கொள்வோம், பயிற்சியாக இருக்கும் என்றார். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவரும், யூசுப் பாயும், இன்னும் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். முள்ளங்கி ஸ்டூலுக்கு வந்தது.

மீன் முள் படம் என்று ஒன்று உண்டு. நடுவில் ஒரு கோடு. தலையில் பிரச்சினையின் பெயர். இரு பக்கமும் முட்கள் - மெட்டீரியல், மெஷின், மெத்தட், மனிதன். யாருக்கு என்ன காரணம் தோன்றினாலும் அந்தந்த முள்ளில் எழுத வேண்டும். ஒரே ஒரு சட்டம். யார் எதைச் சொன்னாலும் மறுக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். தீர்ப்பெல்லாம் பிறகு ஓட்டெடுப்பில்.

ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது காரணம் சேர்ந்தது. மண்ணில் கல். விதை பழசு. யூரியா அதிகம் - இதைச் சொன்னதும் ராவ்தான், போன வாரம் போடச் சொன்னதை அவர் மறந்துவிட்டார். ஐப்பசி வெயில். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய்த் தண்ணீர். பக்கத்து வீட்டுச் சுவர் நிழல். விதை ஆழமாகப் போட்டது. துவைக்கிற கல்லிலிருந்து சோப்புத் தண்ணீர். யூசுப் பாய், செடிகள் நெருக்கம் என்று ஒன்று சொன்னார். எழுதிக்கொண்டோம். அதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் மறுக்கக் கூடாதே.

'மனிதன்' என்ற முள்ளில் மட்டும் எதுவும் இல்லை. இது புதிதல்ல. எங்கள் ஃபாக்டரியில் எந்த செக்‌ஷன் மீன் படத்தைப் பார்த்தாலும் அந்த ஒரு முள் மொட்டையாகத்தான் இருக்கும். மனிதனை எழுதினால் அவன் பெயரைக் கேட்பார்கள். பெயரை எழுதினால் யூனியன் வரும்.

அப்போது ஜெயசீலி டீ கொண்டுவந்தாள். தட்டைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, சார்ட்டைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் வரிசையாகப் படித்தாள். ஆங்கிலம் படிப்பாள், பேச மாட்டாள். அவளுக்குத் தெலுங்கும் வராது, ஹிந்தியும் வராது. வந்தவர்களில் யாருக்கும் தமிழ் வராது. சைகை காட்டி, தானும் ஒன்று சொல்லலாமா என்று கேட்டாள்.

ராவுக்கு ஒரே சந்தோஷம். ஹவ், ஹவ், ஆமாம், சொல்லுங்கம்மா, யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஸ்கெட்ச் பேனாவைத் தயாராகப் பிடித்தார்.

ஜெயசீலி என்னைக் காட்டினாள்.

"இவுக" என்றாள்.

நால்வரும் என்னைப் பார்த்தார்கள். அதாவது, மொழிபெயர்ப்புக்காக. செயலாளரும் நான்தான், துபாஷியும் நான்தான். ஒரு விநாடி எனக்குப் பல யோசனைகள் வந்தன. 'மண்ணில் சூடு' என்று சொல்லியிருக்கலாம். 'கர்த்தர் சித்தம்' என்றுகூடச் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

பியூலாவுக்குத் தெரியும். என் மகள், மூன்றாம் வகுப்பு. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள், அதற்காக அவளைப் பலமுறை கண்டித்திருக்கிறேன். அன்று கண்டிக்க அவகாசம் கிடைக்கவில்லை.

"மா டாடி அண்டோந்தி, அங்க்கிள்" என்றாள் தெளிவாக. எங்க டாடியைச் சொல்கிறாள் என்று அர்த்தம்.

யாரும் சிரிக்கவில்லை. சட்டம் அப்படி. ராவ் சற்று நேரம் பேனாவைப் பார்த்தார். பிறகு 'மனிதன்' என்ற முள்ளில், இருபதாவதாக, என் பெயரை இனிஷியலோடு எழுதினார். ஜெயசீலி என் நோட்டை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தேதி, செடி எண், அளவு... எல்லாம் என் கையெழுத்து. நர்சிங் ராவ் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பாத்தியில் இருந்த மஞ்சள் குச்சிகளைப் பார்த்தார். திரும்ப நோட்டைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுத் திருப்பி நட்டீங்களா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

எல்லாவற்றையும் இல்லை என்றேன். ஒன்பது வரிசைதான் முடிந்திருக்கிறது. பத்தாவது வரிசை, நாளை காலையிலிருந்து.

"நக்கோ சாப்" என்றார் யூசுப் பாய், மிக மரியாதையாக. "பஸ் கரோ." வேண்டாம் சார், போதும், நிறுத்துங்கள் என்று அர்த்தம்.

ஓட்டெடுப்பு நடந்தது. இருபதாம் காரணத்துக்கு ஐந்து ஓட்டு. ஆமாம், ஐந்து. என்னால் வேறு எதற்கும் போட முடியவில்லை. கையில் இருந்த ஆதாரம் அப்படி. தீர்வு நடவடிக்கை என்ற கட்டத்தில் ராவ் எழுதியது: 'காரணத்தைப் பாத்தியிலிருந்து அகற்றுதல்.' பொறுப்பு: ஜெயசீலி. காலக்கெடு: உடனே.

அவர்கள் போன பிறகு ஜெயசீலி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து மஞ்சள் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்போது வருசம் 'கடை'ன்னு எழுதுனேன்" என்றாள். "ஒரு தடவ 'சொந்தத் தோட்டம்'னு எழுதிட்டு, எல போட்டு மூடுன கூடையத் தூக்கிட்டுப் போய் நிக்கணுமா? பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தியளே, ஒரு நாளாவது எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

கேட்கவில்லை. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. பதினாலு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு சிவப்புச் சீட்டு கட்டியிருக்கிறேன், அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் விளங்கியது.

மறுநாள் எங்கள் ஃபாக்டரித் தோட்டத்து மாலியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். கத்தரி, மிளகாய் என்றால் பிடுங்கி நடலாம், நட்டால்தான் நல்லது. முள்ளங்கி, கேரட் இதையெல்லாம் போட்ட இடத்தைவிட்டு அசைக்கவே கூடாது. முதலில் கீழே போகிற வேர்தான் பிறகு கிழங்காகப் பருக்கிறது. அதன் நுனி ஒருமுறை கலைந்தால், பிழைப்பதற்கே அதற்குச் சரியாகப் போய்விடும், இலை விடும், கிழங்கு விடாது. செடிக்குச் செடி நாலு விரல் இடைவெளியாவது வேண்டும். யூரியா வேண்டவே வேண்டாம். சொல்லிவிட்டு, இதெல்லாம் தெரியாமலா சார் இருந்தீங்க என்று கேட்டார். ஜெயசீலிக்கு முக்கால்வாசி தெரிந்திருந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மிஞ்சியது பத்தாவது வரிசை. பதினாலு செடி. ஜெயசீலி அன்றைக்கே அதில் ஒன்பதைப் பிடுங்கிவிட்டாள். எல்லாம் குறையில்லாத செடிகள். நான் வாயைத் திறக்கவில்லை. மிஞ்சிய ஐந்துக்கும் சுற்றிலும் மண்ணை இளக்கி, சாம்பல் போட்டாள். கொடியில் ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டினாள். கக்கூஸ் பின்பக்கம்தான் என்பதால் எனக்கு முழுத் தடை போட முடியவில்லை. போகலாம், வரலாம், நிற்கக் கூடாது. வெர்னியரைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அடுத்த மூன்று வாரம் எனக்குப் பெரிய சோதனை. ஆபீசில் ராவ் தினமும் ரிசல்ட் கேட்பார். ஜெயசீலி எந்தத் தகவலும் தர மாட்டாள். சர்க்கிளின் ரிப்போர்ட்டில் 'முன்னேற்றம்' என்ற தலைப்புக்குக் கீழே, 'பார்க்க அனுமதி இல்லை' என்று எழுத வேண்டியதாயிற்று. இரண்டாவது வாரம் ஒரு காலையில், அவள் பால் வாங்கப் போயிருந்தபோது, சேலையின் ஓரத்தைத் தூக்கிவிட்டேன். உண்மையை ஒப்புக்கொள்கிறேன். குனிந்தேன். ஒரு செடியின் கழுத்தைச் சுற்றி விரல் வைத்தேன். இலை பனியில் நனைந்து சில்லென்று இருந்தது. பிறகு எழுந்து உள்ளே வந்து பேப்பர் படித்தேன். அதில் என்ன போட்டிருந்தது என்று இன்று கேட்டால் தெரியாது.

ஏன் நமக்கு இந்தப் பதைப்பு? பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூட இறக்கியிருக்காது - இன்றைக்கு என்ன படித்தாய், சொல்லு என்கிறோம். ஒருவனை நம்பி வேலையைக் கொடுத்துவிட்டு மணிக்கு ஒருதரம் போய் எட்டிப் பார்க்கிறோம். இதையெல்லாம் அக்கறை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் யாருடைய நிம்மதிக்காக?

பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கும்போது எனக்கு பயம் வந்துவிட்டது. ஐந்தில் ஒன்றும் தேறவில்லையென்றால்? மார்க்கெட்டுக்குப் போய், முழங்கை நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று நான்கு முள்ளங்கி வாங்கி வந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடுப்படி மேடையில் வைத்தேன். மண் ஒட்டியிருப்பதாகப் பார்த்து வாங்கியிருந்தேன்.

அன்று ராத்திரி முள்ளங்கி சாம்பார். ஜெயசீலியும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பரிமாறினாள். நான்கையும் போட்டிருந்தாள். மறுநாளும் அதே சாம்பார்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் சேலைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. பியூலாவை மட்டும் கூப்பிட்டாள். நான் அடுப்படியில் நின்றேன். ஐந்து நிமிஷம் கழித்து இருவரும் உள்ளே வந்தார்கள். முறத்தில் நான்கு முள்ளங்கி. ஐந்தாவது வெடித்துவிட்டதாம். நான்கில் இரண்டு, பெருவிரல் பருமன். ஒன்று கொஞ்சம் கோணல். நான்காவதைப் பார்த்து கேரட் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக முடியாது. ஆனால் கிழங்குதான். நான்கும் கிழங்கு.

என் கை தானாக நீண்டது. ஜெயசீலி முறத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் ஆலயத்தில் பீடத்துக்கு முன்னால் ஒரு ஆள் தூக்க முடியாத பூசணிக்காய், ஒரு குலை மொந்தன், கிரேஸ் டீச்சரின் கொய்யா இரண்டு கூடை. அவற்றுக்கு நடுவில் ஒரு சின்னத் தட்டில், இலையோடு, அந்த நான்கு. வரிசையில் போய் அதை வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது ஜெயசீலி யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆலயம் என்பதால் பாட்டின் எண்ணை மட்டும் சொன்னேன், நானூற்றுப் பன்னிரண்டு என்று.

ஏலத்தில் பூசணிக்காய் முடிந்து, மொந்தன் முடிந்து, கடைசியில் தட்டைத் தூக்கினார்கள். "ஜெயசீலி அம்மா குடும்பம், முள்ளங்கி, சொந்தத் தோட்டம்." இரண்டொரு பேர் எட்டிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நான் கையைத் தூக்கப் போனேன். பக்கத்திலிருந்து முழங்கையால் ஒரு இடி விழுந்தது. அதற்குள் பின்வரிசையிலிருந்து கிரேஸ் டீச்சர் கேட்டுவிட்டார். எதிர்த்து இன்னொருவர் கேட்க, டீச்சர் விடவில்லை. கடைசியில் டீச்சருக்கே போயிற்று.

டீச்சர் தட்டோடு எங்களிடம் வந்தார். வந்து, இருப்பதில் பெரிதாகப் பார்த்து ஒன்றை எடுத்து ஜெயசீலி கையில் வைத்தார்.

"ஹவ் மா, பர்ஸ்ட் க்ராப். நீ சாப்பிடாம எனக்கு எப்படி இறங்கும்? எங்க வீட்டு மரம் எங்க டாடி வச்சது. நான் ஒண்ணும் வைக்கல" என்றார்.

ஜெயசீலி முந்தானையில் அதைச் சுற்றிக்கொண்டாள். மல்காஜ்கிரி வரும் வரை பஸ்ஸில் அந்த முடிச்சை விடவே இல்லை.

வீட்டுக்கு வந்து அதைக் கழுவி, மூன்றாக நறுக்கினாள். பியூலா ஒரு கடி கடித்துவிட்டு, "காரங்கா உந்தி" என்று தண்ணீருக்கு ஓடினாள். உண்மைதான். நெருக்கத்தில் திணறி வளர்ந்த முள்ளங்கி காரமாகத்தான் இருக்கும் என்று மாலி சொல்லியிருந்தார். எனக்கு மூக்கு வரை ஏறியது. உள்ளே கொஞ்சம் நார். ஒரு பக்கம் லேசாகக் கட்டை.

ஜெயசீலி தன் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன். பதினாலு வருஷ சர்வீஸில், அளக்காமல் நான் பாஸ் பண்ணியது அது ஒன்றைத்தான்.